இருபத்தைந்திலிருந்து இருபத்துநான்குக்கு

என் மனைவிக்குக் கமரா பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் பதினெட்டு வருடமாக நான் செய்துவந்த தொழிலை ஒரே வரியில் எடைபோட்டுத் தள்ளியவள் அவள்தான். அவளுடைய தம்பி கொழும்பிலிருந்து புதுக் கமராவோடு வந்து, சொந்தத்தில் நடந்த ஒரு சடங்கு வீட்டை வீடியோ எடுத்தான். அதே வீட்டை நானும் எடுத்தேன். இரண்டையும் ஹட்டனில் எங்கள் வீட்டு டீவியில் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். முடிந்ததும் சொன்னாள்:

"தம்பி எடுத்தது படம் மாதிரி இருக்குங்க. நீங்க எடுத்தது நியூஸ் மாதிரி இருக்கு."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் சொன்னது பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உண்மை என்பதால்தான் பற்றிக்கொண்டு வந்தது. என்னுடையது பழைய டீவி முறையில் பதிகிற கமரா. வினாடிக்கு ஐம்பது அரைப்படங்கள் எடுக்கும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், உடனே அடுத்து இரட்டைப்படைக் கோடுகள். இரண்டையும் கோத்தால் ஒரு முழுப்படம். அப்படி வினாடிக்கு இருபத்தைந்து முழுப்படங்கள். ஒரு கை அசைந்தால் அது அசைந்த அசைவெல்லாம் அதில் விழும். பக்கத்தில் நின்று நேரில் பார்ப்பது போல இருக்கும், செய்தியில் பார்ப்பது போல. மச்சினனுடைய கமரா சினிமாக் கணக்கில் ஓடுவது. வினாடிக்கு இருபத்துநான்கு முழுப்படம், அவ்வளவுதான். நடுவில் விட்டுப்போனதைப் பார்க்கிறவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். அதைத்தான் அழகு என்கிறார்கள். ஒரு வினாடியில் ஐம்பது தடவை பார்த்தவன் நியூஸ்காரன், இருபத்துநான்கு தடவை பார்த்தவன் கலைஞன். இது என்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

நான் பெண் எடுத்த தேயிலைத் தோட்டம் மஸ்கெலியாப் பக்கம். அவன் வரும்வரை அங்கே எனக்கு ஒரு மரியாதை இருந்தது. ட்ரைப்பொட்டைத் தோளில் வைத்துக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் ஏறினால் யாராவது நான் உட்கார ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். சாயத்தண்ணியோடு பிஸ்கட் வரும். அவன் வந்த பிறகும் கதிரை வந்தது, சாயத்தண்ணியும் வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: "தம்பி வரலீங்களா?" வரவில்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் புளித்துப்போனது.

அவனுடைய அப்பா, என் மாமனார், அந்தத் தோட்டத்துத் தப்பு மேளக் குழுவுக்கு அடி எடுத்துக் கொடுப்பவர். குழுவில் எட்டுப் பேர். மாமாவின் கை என்ன வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் மற்ற ஏழு பேரின் கையும் போகும், ஆடுகிறவர்களின் காலும் போகும். தேயிலை ஃபாக்டரியில் உழைத்து ஓய்வுபெற்ற மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே பதவி அது. மாசி மாதத்துக் காமன் கூத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர்கள்கூட அவரைத்தான் கேட்டு வருவார்கள். அறுபதைத் தாண்டியும் அந்த இடத்தை யாருக்கும் விடாமல் வைத்திருந்தார். "நிக்க முடியிற வரைக்கும் நாந்தான்" என்பார்.

மகன் மேல் அவருக்கு உயிர். நான் போனால் "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்று எழுந்து நிற்பார். விருந்தாளிக்குக் கொடுக்கிற அதே மரியாதை, ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு போனை எடுத்து மகன் அனுப்பிய வீடியோக்களை எனக்கே போட்டுக் காட்டுவார். அவருடைய மகளின் கல்யாண வீடியோவை எடுத்துக்கொடுத்தவன் நான். மாப்பிள்ளையாக நின்ற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கமராவைப் பிடித்தவன். அந்த சீடியை அவர் யாருக்கும் போட்டுக் காட்டி நான் பார்த்ததில்லை. எனக்கு அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அதனால்தானோ என்னவோ, இன்னொருவனுடைய அப்பாவை நான் இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாசியில் மச்சினன் காமன் கூத்தைப் படமாக எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்து இறங்கினான். வீடியோ இல்லை, ஆவணப்படம். கோயில் கமிட்டி வழக்கம்போல என்னையும் கூப்பிட்டிருந்தது. நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் ட்ரைப்பொட்டை ஊன்றிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றேன். அவன் ஆட்டக்காரர்களுக்கு நடுவில் புகுந்து, தரையில் படுத்து, மண்ணில் உருண்டு எடுத்தான். பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். மாமா அடித்துக்கொண்டே அவனுக்கு வசதியாகத் திரும்பி நின்றார். எனக்காக அவர் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை.

தப்பு மேளத்துக்குப் பனி ஆகாது. தோல் பனியைக் குடித்தால் தளர்ந்துவிடும், சத்தம் கீழே இறங்கிவிடும். அதனால் ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்தி, தோலை நெருப்பில் காட்டிக் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பார்கள். எப்போது காய்ச்ச வேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் அடி எடுத்துக் கொடுப்பவரின் கெட்டிக்காரத்தனம். ராத்திரி முழுக்க ஆடிவிட்டு, விடிந்து வெளிச்சம் வந்ததும் காமனை எரிப்பார்கள். அந்த நேரத்தில் அடி தளரவே கூடாது. அதுவரை எப்படி அடித்திருந்தாலும் சரி, எரிகிறபோது தோல் இறங்கினால் அந்தக் குழுவைப் பற்றி வருடம் முழுக்கப் பேசுவார்கள்.

எரிக்க நெருப்பை எடுத்த நேரம் பார்த்து மச்சினனுடைய கமரா நின்றுபோனது. உள்ளே சூடு ஏறிவிட்டதாம். மஸ்கெலியாக் குளிரில் அன்றைக்குச் சூடு ஏறிய ஒரே சாமான் அதுதான். அவன் அதை ஊதுகிறான், தட்டுகிறான், சட்டையால் விசிறுகிறான். நான் முகத்தை வ்யூஃபைண்டருக்குள் புதைத்துக்கொண்டேன், சிரிப்பது தெரியக்கூடாது என்று. என் கிழட்டுக் கமரா காமன் எரிந்த பதினொரு நிமிடமும் இமைக்காமல் எடுத்தது. மாமா அந்தப் பதினொரு நிமிடமும் பிசகில்லாமல் அடித்தார். தோல் கண்ணாடி மாதிரிக் கணீரென்று நின்றது.

பத்து நாள் கழித்து மச்சினன் ஹட்டனில் என் கடைக்கு வந்தான்.

"மச்சான், எரிக்கிற எடம் எங்கிட்ட இல்ல. ஒங்க கமரால இருக்குல்ல?"

"இருக்கு. முழுசா இருக்கு."

"அத இருபத்திநாலு ஃபிரேமுக்கு மாத்திக் குடுங்க மச்சான். அப்படியே வெட்டிப் போட்டா ஒட்டாது, கொஞ்சம் சீரியல் மாதிரி தெரியும். பரவால்ல, நான் கலர் போட்டுச் சரிகட்டிக்கிறேன்."

கள்ளமில்லாமல்தான் சொன்னான். அதுதான் இன்னும் எரிந்தது. அவனிடம் இல்லவே இல்லாத ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அதையும் அவன் சரிகட்டப் போகிறான்.

அவன் போன பிறகு வேலையைத் தொடங்கினேன். அரைப்படங்களைக் கோத்தால், வேகமாக அசைகிற கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். முதலில் அதை நீக்கினேன். அடுத்தது இருபத்தைந்தை இருபத்துநான்காக்குவது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, வினாடிக்கு ஒரு படத்தை எடுத்து எறிந்துவிடுவது. வேகம் மாறாது, சத்தத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் மேளத்தில் விழுகிற கை வினாடிக்கு ஒரு தடவை லேசாக வெட்டும். இன்னொன்று, எந்தப் படத்தையும் எறியாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவது. படம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் சத்தமும் கூடவே மெதுவாகும், கீழேயும் இறங்கும். பேச்சாக இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். தப்பு மேளத்துக்கு இந்த வழி ஆகாது என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் அதை எடுத்தவன் நான்.

இரண்டாவது வழியில்தான் ஓட்டிப் பார்த்தேன். மாமாவின் தோல் பனியில் கிடந்த தோல் போலக் கேட்டது. கை கொஞ்சம் யோசித்து யோசித்து விழுவது போல இருந்தது. படத்தில் வெட்டு விழுந்தால் 'மச்சான் குடுத்தது சரியில்ல' என்பான். படம் வழவழவென்று போகட்டும். சத்தம் அவன் பாடு. அவ்வளவு பெரிய ஆள்தானே, கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்காவிட்டால், கேட்கிறவர்கள் படம் எடுத்தவனைத்தானே குறை சொல்லப்போகிறார்கள். ஹார்ட் டிஸ்கில் அதையே ஏற்றிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது பொறாமைதான், இதற்கு வேறு நல்ல பெயர் வைத்து நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை.

அவன் கண்டுபிடிக்கவில்லை. அவனுக்குக் கண்தான் வேலை செய்யும், காது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தோட்டத்து மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். ஜன்னலையெல்லாம் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குகளால் மூடி இருட்டாக்கி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து மேளக்காரர்களும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசை.

நன்றாக எடுத்திருந்தான். சொல்ல வாய் வராது, ஆனால் நன்றாகத்தான் எடுத்திருந்தான். மாமாவின் விரல், நெற்றி வியர்வை, வாயிலிருந்து கிளம்புகிற குளிர்ப்புகை எல்லாம் பெரிதாகச் சுவரில் நின்றன. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு என் பதினொரு நிமிடம் வந்தது. அவன் வண்ணம் போட்டு அதை எவ்வளவு ஒட்டியிருந்தான் என்றால், கமரா மாறிய இடம் ஒருவருக்கும் தெரியவில்லை. சத்தம் மட்டும் தெரிந்தது. படியிலிருந்து கால் வழுக்கியது போல அடி ஒரு இறக்கம் இறங்கியது. முன்வரிசையில் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. மேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கைதட்டினார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்து மேளக்காரர் ஒருவர் மாமாவிடம் வந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எரியிற நேரத்துல தோலு சரியாக் காயல போலயே?"

பின்னால் நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "கையும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்குது. வயசாகுதுல்ல."

மச்சினன்தான் குறுக்கே வந்தான். "அந்தச் சவுண்டு மச்சான் கமராப்பா. அதுல எதும் கோளாறா இருக்கும்."

"கமரா என்னடா பண்ணும்?" என்றார் மாமா. "நான் அடிச்சதத்தான அது எடுக்கும். மாப்ள கமரா உள்ளத உள்ளபடி காட்டுற கமரா. இல்லீங்களா மாப்ள?"

என் கமராவைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். அதை நான் அரை நிமிடம் ரசித்தேன், மறைக்கவில்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது.

"அன்னைக்குப் பனி கூடுதல் மாமா" என்றேன்.

ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அவர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அம்மா வீட்டுக்குப் போய்வந்த மனைவி, பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: "அப்பா இனிமே முன்னால நின்னு அடிக்க மாட்டாராம். கமிட்டியில சொல்லி எடத்த வேறாளுக்குக் குடுத்துட்டாரு. கை இழுக்குறத நானே என் கண்ணால பாத்துட்டேன், இதுக்கு மேல நிக்கக் கூடாதுங்குறாரு. வெளியிலயே வர்றதில்லங்க. சுவரப் பாத்துக்கிட்டுப் படுத்துருக்காரு."

நான் அடிக்க நினைத்தது மகனை. விழுந்தது அப்பா மேல்.

அன்றைக்கே உட்கார்ந்து முதல் வழியில் மாற்றினேன். வேகத்தைத் தொடாமல், சத்தத்தைத் தொடாமல், வினாடிக்கு ஒரு படத்தை மட்டும் எறிந்து. அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு லேப்டொப்போடு மஸ்கெலியா பஸ் ஏறினேன்.

மாமா தாடி விட்டிருந்தார். "வாங்க மாப்ள" என்று எழுந்தார், அந்தக் குரலும் ஒரு படி இறங்கித்தான் இருந்தது. லேப்டொப்பை அவர் முன்னால் வைத்துப் போட்டேன். கணீரென்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பதினொரு நிமிடமும் கேட்டார்.

"நல்லாருக்கு மாப்ள."

"இதுதான் மாமா நெசமா நீங்க அடிச்சது. அன்னைக்கு மண்டபத்துல போட்டது, நான் மெதுவாக்கிக் குடுத்தது."

"மெதுவாக்கலாமா இத?"

"ஆக்கலாம் மாமா. கம்ப்யூட்டர்ல செய்யலாம்."

"அப்ப மெதுவா இருக்குறத வேகமாவும் ஆக்கலாம்ல?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? "ஆக்கலாம்" என்றேன்.

மாமா சிரித்தார். மூன்று வாரமாகச் சிரிக்காத மனிதர். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"வெளையாட்டில்ல மாமா. நான் வேணும்னுதான் செஞ்சேன். அவன் மேல பொறாம. அவன் படத்துல ஒரு கொற விழட்டும்னு விட்டுட்டேன்."

"ஒங்களுக்குப் பொறாமையா?" அவர் இன்னும் சிரித்தார். "நீங்க ஒருத்தரப் பத்தி ஒரு கொற சொல்லி நான் கேட்டதில்லையே."

வெளியே சொல்லாமல் வைத்திருந்ததால் கேட்டதில்லை. சுவரில் மாட்டியிருந்த தப்பு மேளத்தை இறக்கி நீட்டினேன். "இதோட சேந்து அடிச்சுப் பாருங்க மாமா. ஒங்க கைக்கே தெரியும்."

"காதுல விழுற அடிக்கு கை தானாப் போயிரும் மாப்ள. அதுல என்னத்தக் கண்டுபுடிக்கிறது?" மேளத்தை வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். கல்யாணத்தன்று சபையில் பிடித்ததற்குப் பிறகு அப்போதுதான் பிடிக்கிறார். "கெழவன் மனசு ஒடஞ்சு கெடக்கான்னு ராவும் பகலும் ஒக்காந்து இவ்வளவு வேல பாத்து, பழியையும் ஒங்க தலையில தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துருக்கீங்க. பெத்த மகன் ஒரு போன் போட்டு எப்படி இருக்கேன்னு கேக்கலீங்க."

மாமியார் மூக்கை உறிஞ்சினார். அன்றைக்குக் கோழி அடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, மருமகன் எப்படிப்பட்டவன் என்று மாமா சொன்னார். நான் குனிந்து சாப்பிட்டேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

செய்யக்கூடியது ஒன்று பாக்கி இருந்தது, அது எனக்கு அந்தக் கோழிக்கறியைச் சாப்பிடும்போதே தெரியும். மச்சினனைக் கூப்பிட்டு, நான் செய்ததைச் சொல்வது. அவன் என் அசலையும் நான் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். தனக்குத் தெரியாமல் தன் படத்தில் நடந்ததைத் தானே சாட்சி சொல்வான். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவனிடம் தலை குனிய எனக்கு மனம் வரவில்லை. அதோடு, மாமாவின் கை என் தோளில் இருந்தது.

அடுத்த மாசியில் வேறொருவர் முன்னால் நின்று அடி எடுத்துக் கொடுத்தார். மாமா கூட்டத்தில் நிற்காமல் என் ட்ரைப்பொட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். தூறல் விழுந்தபோது என் கமராவுக்குக் குடை பிடித்தார். கேட்டவர்களிடமெல்லாம் "எனக்கு மகன்னா இவருதான்" என்றார். மச்சினன் எதிர்ப்பக்கம் நின்று கமராவை இறக்கிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பல வருடம் நான் வைத்திருந்த பார்வை அது.

காமனுக்கு நெருப்பு வைத்தார்கள். புது ஆளின் அடியில் வேகம் ஏறவில்லை. மாமாவின் விரல்கள் ட்ரைப்பொட்டுக் காலில் தட்டின, அங்கே விழுகிற அடிக்கு முன்னால், ஒவ்வொரு தடவையும் முன்னால். கொஞ்ச நேரத்தில் அவரே அதைப் பார்த்து, விரல்களை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மச்சினனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவன் சொன்னால் மாமா நம்பிவிடுவார்.